சுகதனின் ஃபோனில் முப்பத்தைந்து நிமிடம்

என் ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றத் தனி ஓட்டை என்பதில் எனக்கு ஒரு காலத்தில் பெருமை இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடம் குவைத்தில் ஏசி மெக்கானிக்காக உழைத்துவிட்டுக் கேரளத்தில் இருக்கும் எங்கள் ஊர் பாண்டநாட்டுக்குத் திரும்பியபோது மச்சினன் வாங்கித் தந்த ஃபோன் அது. ஊரில் யாருடைய வயரும் அதற்குள் நுழையாது. டீக்கடையில் யாராவது சார்ஜர் கேட்டால், "இருக்கு, ஆனா உங்க ஃபோனுக்கு ஆகாது" என்று சொல்வதில் எனக்கு ஒரு சுகம்.

பக்கத்து வீட்டுச் சுகதனுக்கு இது ஆகவே ஆகாது. கள்ளிறக்கும் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் அவர். உலகத்தில் எல்லா ஃபோனுக்கும் ஒரே ஓட்டைதான் இருக்க வேண்டும், அதற்கு அரசாங்கம் சட்டம் போட வேண்டும் என்பது அவர் கட்சி. ஊர்வலம், தர்ணா என்று அலைகிற மனிதருக்கு, பத்துத் தோழர்கள் கூடினால் நாலு விதமான வயர் தேட வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல். நான் விடுவேனா? நல்ல சாமான் செய்கிறவன் அவன் இஷ்டத்துக்கு ஓட்டை வைப்பான், வேண்டுமென்றால் வாங்கு, வேண்டாமென்றால் போ என்பேன்.

"எல்லாரும் ஒரே சைஸ் செருப்புதான் போடணும்னு சட்டம் போடுவீங்களா சகாவே?"

"செருப்பு காலைப் பொறுத்தது முதலாளி. கரண்டு எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

கடையே சிரிக்கும். அவர் என்னை முதலாளி என்பதும் நான் அவரைச் சகாவு, அதாவது தோழர், என்பதும் கிண்டல்தான். வேலையற்ற இரண்டு பேர் என்று என் மனைவி எல்சம்மா சொல்வாள். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருடமாகியிருந்தது. செவ்வாய், வியாழன், சனி செங்ஙன்னூர் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். வாழைப்பழம், இளநீர் கூடவே கூடாது. தின்றால் இதயம் அப்படியே நின்றுவிடும் என்று நர்ஸ் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தாள்.

எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவன் முதலில் தேடுவது தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் எதுவரை வந்தது என்பதைத்தான். மலையாள வருடம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதில், கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன்பு வந்த வெள்ளம் அது. பழைய கிறிஸ்தவக் கோவில் சுவரில் அதன் கோடு இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு ஒரு அடி மேலே தரை போட்டால் போதும், பிறகு எந்த மழைக்கும் பயமில்லை என்பது எங்கள் நம்பிக்கை. நான் ஒன்றரை அடி மேலே போட்டேன், மாடியும் எடுத்தேன். அதை எத்தனை பேரிடம் சொல்லிக் காட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்தத் தெம்பில் இன்வெர்ட்டரையும் பாட்டரியையும் மாடிப்படிக்குக் கீழேயே வைத்திருந்தேன்.

அந்த வருட மழையில் ஆறு பெருகி, புதன் இரவு கரண்டைத் துண்டித்தார்கள். வியாழன் விடியும்போது ஆறு என் சாப்பாட்டு அறைக்குள் நின்றது. கோடு, ஒன்றரை அடி, எல்லாம் தண்ணீருக்கு அடியில். அரிசியையும் ஃப்ரிட்ஜையும் எப்படிக் காப்பாற்றுவது என்று எங்களுக்குக் கைப்பழக்கம் உண்டு. ஃபோன் வயரை எடுக்க வேண்டும் என்ற பழக்கம்தான் இல்லை. அது சுவரிலேயே தொங்கும் சாமான். என் வயர் ஒன்று சுவரோடு மூழ்கியது, இன்னொன்று ஆஸ்பத்திரியில் எல்சம்மாவின் கட்டிலருகே கிடந்தது. அவளுடைய பொத்தான் ஃபோன் மேசையோடு போயிற்று.

ஏழு மணிக்குள் சுகதனும் அவர் மனைவி ரமணியும் கழுத்தளவு தண்ணீரில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். பின்னாலேயே கிழக்குவீட்டு வாத்தியாரும் அவர் மனைவி டீச்சரும் வந்தார்கள். ரமணி தலையில் அரிசியும் ஒரு குலை ஏத்தன் வாழைப்பழமும். டீச்சர் கையில் சர்டிஃபிகேட்டுகளும் பத்திரமும். யாரிடமும் ஒரு வயர் இல்லை. குவைத்துக்காரன் வீட்டில் இல்லாத வயரா, இன்வெர்ட்டரா என்று நினைத்து வந்ததாக டீச்சர் பிறகு சொன்னார். சுகதனின் ஜோல்னாப் பையில் மட்டும் தர்ணாவுக்குக் கொண்டுபோகும் பவர் பேங்க் ஒன்று இருந்தது. அதோடு ஒரே ஒரு வயர், பழைய மாதிரிச் சப்பை முனை. வாத்தியார் வீட்டு இரண்டு ஃபோனுக்கும் புது மாதிரி ஓட்டை, இரண்டும் அன்று மதியத்துக்குள் அணைந்துவிட்டன. என்னுடையது என்னுடையது. மாடியில் நாலு ஃபோன், மூன்று விதமான ஓட்டை. அந்த வயர் சுகதனின் ஃபோனில் மட்டும்தான் நுழைந்தது.

அப்போது எனக்கு அது பெரிதாகப் படவில்லை. என் ஃபோனில் எண்பது சதவீதம் இருந்தது. குவைத்தில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு என் எண்ணையும் வீடு இருக்கும் இடத்தையும் அனுப்பி, டயாலிசிஸ் நோயாளி, உடனே படகு வேண்டும் என்று எழுதினேன். சுகதனின் எண்ணையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று எல்சம்மா சொன்னாள். அந்த மலிவான பாட்டை ஃபோனில் யார் பேசுவது, என்னுடையதில்தான் ரேஞ்ச் நன்றாகக் கிடைக்கும் என்றேன்.

அவன் அதை இணையத்தில் ஓடிய எல்லா மீட்புப் பட்டியலிலும் போட்டான். பிறகு அழைப்புகள் வரத் தொடங்கின. துபாய், டெல்லி, சிகாகோ. சாக்கோ தானே, டயாலிசிஸ் தானே, படகு வந்துவிட்டதா? இல்லை என்றால், பயப்படாதீர்கள், நாங்கள் மேலே தகவல் சொல்கிறோம் என்பார்கள். சாயங்காலத்துக்குள் எழுபதுக்கு மேல். ஒருவரிடமும் படகு இல்லை. எடுக்காமலிருக்கவும் பயம், எடுத்தால் சார்ஜ் போகிறதே என்றும் பயம். ஆறு மணிக்கு, மலப்புறத்திலிருந்து ஒரு பெண் பிரார்த்தனை செய்துகொண்டிருக்கும்போதே ஃபோன் அணைந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் எல்சம்மாவால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைத்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாயால் காற்றை அள்ளிக்கொண்டிருந்தாள். கால் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது. வியாழன் தவறியது, அவ்வளவுதான். அதற்குள் இப்படியா? ரமணி விவரம் தெரியாமல் பழத்தை உரித்து நீட்டினாள். நான் தட்டிவிட்டேன். கொஞ்சம் பலமாகவே தட்டியிருப்பேன் போல.

"இச்சாயா, அவகிட்ட எதுக்குக் கோவம்?" என்றாள் எல்சம்மா. அந்த ஒரு வாக்கியத்துக்கு அவள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள்.

என் சிம்மைக் கழற்றிச் சுகதனின் ஃபோனில் போட்டுப் பார்த்தோம். எல்சம்மாவின் கம்மல் திருகால் என் ஃபோனின் சிம் தட்டைத் திறந்தேன். என் சிம் நகக்கண் அளவு, அவருடைய ஃபோனில் பெரிய வாய். அரிசி மாவை ஒட்டிப் பார்த்தோம், காகிதம் மடித்து வைத்தோம், நிற்கவில்லை. கடைசியில் அது உள்ளே சிக்கிக்கொண்டு, அவருடைய ஃபோனும் போய்விடுமோ என்று எல்லோருக்கும் உயிர் போய்வந்தது. வாத்தியார் ஒரு ஊசியால் நெம்பி எடுத்தார். அதன்பிறகு அதைத் தொடவில்லை.

அந்த ஃபோனைச் சுகதன் அணைத்தே வைத்திருந்தார், அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அக்கா சௌதாமினி சேச்சி தோட்டுக்கு, ஊர்க் கால்வாய்க்கு, அக்கரையில் தனியாக இருக்கிறாள். மேட்டு வீடு, ஆனால் மாடி கிடையாது. கன்றுபோட்ட பசுவை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று பிடிவாதம். காலையில் பத்திலிருந்து பதினொன்று வரை ஃபோனைத் திறந்து வைப்பேன், தண்ணீர் இரண்டாம் படியைத் தொட்டால் கூப்பிடு என்று அவர் சொல்லியிருந்தார். அந்தப் பக்கம் சங்கத்துத் தோழர்களிடம் கழி ஊன்றும் வள்ளம் ஒன்று இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போய்க் கூட்டிவருவார்கள். எங்கள் பக்கம் அந்த வள்ளம் நிற்காது. ஆறே வயல் வழியாக ஓடிக்கொண்டிருந்தது, எஞ்சின் வைத்த படகுதான் வர முடியும்.

பத்து மணிக்கு அவர் ஃபோனைத் திறந்தார். பவர் பேங்கில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. பத்தரை வரை நான் பொறுத்தேன். எல்சம்மாவின் உதடு நீலம் பாய்வதைப் பார்த்ததும் அவரிடம் போய் நின்றேன். நான் கேட்பதற்குள் அவரே நீட்டினார்.

"வெள்ள உதவி நம்பருக்குப் போடுங்க சாக்கோச்சா. நடுவுல சேச்சி கூப்பிட்டா மட்டும் ஒரு சத்தம் குடுங்க."

முதலாளி என்று சொல்லவில்லை. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டு அவரும் ரமணியும் வாத்தியாரும் டீச்சரும் சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினார்கள். அந்தச் சிவப்பைப் பார்த்து வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஆறுதலாக இருந்தது.

பத்து முப்பத்தொன்றுக்கு அழைப்பு போனது. நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள், துண்டிக்க வேண்டாம் என்று ஒரு பதிவுக் குரல். துண்டித்தால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவோம் என்று நேற்றே பட்டுத் தெரிந்திருந்தது. சுவரோரம் எல்சம்மாவின் மூச்சை எண்ணிக்கொண்டு, வயரை ஓட்டையிலிருந்து நழுவாமல் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். பிறகு காதுக்குள் டொக், டொக் என்று ஒரு சத்தம்.

திரையைப் பார்த்தேன். சௌதாமினி சேச்சி என்று எழுதியிருந்தது. மணி பத்து ஐம்பது.

ஒரு பொத்தானை அமுக்கினால் அவளோடு பேசலாம். அமுக்கினால் வரிசை அறுந்துபோகுமோ? இந்த ஃபோனில் எது எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது. பாட்டை ஃபோன் என்று அதை நான் தொட்டுப் பார்த்ததில்லை. ஒரு சத்தம் கொடுத்தால் சுகதன் இறங்கி வந்துவிடுவார். வந்தால் ஃபோனை வாங்குவார், வாங்கத்தான் செய்வார், அவருடைய அக்கா. சத்தம் நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. மூன்று தடவை. நான் திரையைத் தொடையில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். எல்சம்மா கண்ணை மூடியிருந்தாள், அவள் பார்க்கவில்லை. 

பதினொன்று அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு பெண் பேசினாள். கல்லூரிப் பெண்ணாக இருக்க வேண்டும், தொண்டை கட்டியிருந்தது. என் பெயரைச் சொன்னதும் தேடினாள். உங்கள் எண்ணுக்கு ராத்திரியிலிருந்து ஐந்து முறை கூப்பிட்டோம், அணைந்திருந்தது, அதனால் மீட்கப்பட்டார் என்று எழுதிவிட்டோம் என்றாள். என் பெயர் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருந்தது.  அழுதேன், அழுதுகொண்டே எல்லாம் சொன்னேன். அவள் இந்தப் புதிய எண்ணை எழுதிக்கொண்டாள். "இதை மட்டும் அணைக்காதீங்க அங்கிள். படகுக்காரங்க கூப்பிட்டு நீங்க எடுத்தாத்தான் வருவாங்க" என்றாள். பதினொன்று ஆறுக்கு முடிந்தது. திரையில் ஒன்பது சதவீதம். பவர் பேங்கின் விளக்கு போய்விட்டது.

சுகதன் நனைந்துபோய் இறங்கி வந்தார். ஹெலிகாப்டர் பார்க்காமல் போய்விட்டதாம். கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது, இனி அவர்கள் கூப்பிடுவார்கள் என்றேன்.

"சேச்சி கூப்பிட்டாளா?"

"இல்ல."

இப்படித்தான் அது நடந்தது. யோசித்துச் சொன்ன பொய்யில்லை. கையிலிருக்கும் ஒன்பது சதவீதத்தை அவர் அக்காவுக்கும் தோழர்களுக்கும் பேசித் தீர்த்துவிடுவாரே என்ற பயம்தான் வாயைத் திறந்து சொல்லிற்று. படகுக்காரர்கள் கூப்பிட்டு முடித்ததும் சொல்லிவிடலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஃபோனைத் திருப்பிக் கொடுக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அழைப்பு வர வேண்டுமே என்று அவரும் கேட்கவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு அழைப்பு வந்தது. கடற்கரையிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த மீன்பிடிப் படகு, கோவில் முக்கில் இறக்கிவிட்டோம், ஒரு மணி நேரத்தில் வருகிறோம் என்றார்கள். சரி என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஃபோன் செத்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் இனி யாரையும் கூப்பிட முடியாதே, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. பயந்தவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

படகு வந்தபோது மணி இரண்டு. பத்ரோஸ் என்று ஒருவரும் இன்னும் இருவரும். எல்சம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி ஜன்னல் வழியாக இறக்கினோம். எல்லோரும் ஏறியதும், தோட்டு முனைக்கு வந்தபோது சுகதன் எழுந்து நின்று அக்கரையைப் பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு சுற்றுப் போக எவ்வளவு நேரமாகும் என்று பத்ரோஸிடம் கேட்டார். அடியில் மதில்கள் இருக்கின்றன, மெதுவாகத்தான் போக வேண்டும், முக்கால் மணி நேரம் என்றார் பத்ரோஸ். சுகதன் திரும்பி எல்சம்மாவைப் பார்த்தார். அவள் தலை ரமணியின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வேண்டாம். சேச்சி கூப்பிடலையே, அப்போ படி நனையலைன்னுதான் அர்த்தம். முதல்ல இவங்களைச் சேத்துடுவோம்" என்றார்.

நான் குனிந்து எல்சம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டேன். அக்கரையில் தெரிந்ததெல்லாம் தென்னைகளின் பாதி உடம்புதான். மேட்டு வீடு எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இப்போது சொன்னால் படகு திரும்பும். முக்கால் மணி நேரம் எல்சம்மா தாங்குவாளா? தாங்கியிருப்பாளோ என்னவோ. எனக்கு அது இன்றுவரை தெரியாது.

கோவில் முக்கில் ஆம்புலன்ஸ் நின்றது. எல்சம்மாவை உள்ளே ஏற்றி, முகத்தில் ஆக்சிஜன் வைத்தபிறகுதான் எனக்கு நாக்கு வந்தது. ஏறப்போனவன் திரும்பி இறங்கினேன்.

"சகாவே, சேச்சி கூப்பிட்டாங்க. பத்து ஐம்பதுக்கு. மூணு தடவை. நான் எடுக்கல."

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாட்ச்சைப் பார்த்தார். "நாலு மணி நேரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, படகை நோக்கித் தண்ணீரில் இறங்கி ஓடினார். ரமணி என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

செங்ஙன்னூர் ஆஸ்பத்திரி மூழ்கியிருந்ததால் திருவல்லாவுக்குக் கொண்டுபோனார்கள். எல்சம்மாவின் ரத்தம் இயந்திரத்தில் ஓடத் தொடங்கியதும் மூச்சு மெல்ல மெல்ல இறங்கியது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கையை விட்டிருப்போம் என்று டாக்டர் சொன்னார். அதைக் கேட்டு நிம்மதி வந்திருக்க வேண்டும். நான் செத்த ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு வார்டாக வயர் கேட்டு அலைந்தேன். கொடுக்க மனமிருந்தது எல்லோருக்கும், நுழையத்தான் இல்லை. விடியும்வரை அக்கரையில் என்ன ஆயிற்று என்று தெரியாமல், ஸ்ட்ரெச்சர் உருளும் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மதியம் எல்சம்மாவை அவள் தங்கையிடம் விட்டுவிட்டு முகாமுக்குப் போனேன். பள்ளிக்கூட வகுப்பறை. வாசலில் நின்றபோது எனக்கு உள்ளே கால் வைக்கத் தைரியமில்லை. பெஞ்சில் சுகதன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், யாருடைய நைட்டியையோ போட்டுக்கொண்டு, சௌதாமினி சேச்சி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கால் பாதங்கள் இரண்டும் ஊறி வெளுத்து, தோல் உரிந்திருந்தது.  உயிரோடு இருக்கிறாள். எனக்கு அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போல வந்தது.

"சாக்கோவா? வா, உக்காரு. எல்சம்மா எப்படி இருக்கா?"

நன்றாக இருக்கிறாள் என்றேன். கர்த்தரும் காளியும் சேர்ந்து காப்பாற்றினார்கள் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். சுகதன் நிமிரவில்லை. அவள் தானாகவே சொன்னாள். பதினொன்றுக்குள் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. பசு கயிற்றோடு போயிற்று, கன்றும் போயிற்று. பரணில் ஏறி, ஓட்டுக்கு அடியில் கழுத்தை மடித்து உட்கார்ந்திருந்தாளாம், நாலு மணி வரை.

"பன்னெண்டு மணிக்கு ஒரு வள்ளம் என் சந்து முனைல போச்சு. ஆள் பேசற சத்தம் கேட்டுது. நான் கத்தல. எதுக்குக் கத்தணும்? இவன் லைன்ல இருந்தானே. மூணு தடவை போட்டேன், மூணு தடவையும் பேசிட்டே இருந்தான். எனக்காகத்தான் வள்ளத்துக்குச் சொல்லிட்டிருக்கான்னு தைரியமா இருந்தேன். அந்த வள்ளம் வேற யாருக்காவது போகட்டும்னு விட்டுட்டேன்."

கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"ஆமா, யாருகிட்டடா அவ்வளவு நேரம் பேசினே?"

 ஒரு வார்த்தை சொல்லிச் சுகதன் இதை மூடியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள். அவர் மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் இன்னும் என் கையைப் பிடித்திருந்தாள். 

"பேசினது சுகதன் இல்ல சேச்சி" என்றேன். "நான்தான். நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுது."